பொமரேனியன் என்று நாம் கூப்பிட்ட நாய்

முப்பது வருடங்களுக்கு முன் திருத்தணியில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும் ஏதாவது ஒரு கேட்டுக்குப் பின்னால் வெள்ளை நாய் ஒன்று நின்று குரைக்கும். கூர்மூக்கு, நிமிர்ந்த காது, முதுகின்மேல் சுருண்ட வால். என்ன ஜாதி என்று கேட்டால் "பொமரேனியன் சார்" என்று வீட்டுக்காரர் பெருமையாகச் சொல்வார். பெரும்பாலும் அது பொமரேனியன் இல்லை.

பொமரேனியா என்பது பால்டிக் கடலோரப் பகுதி. இன்று ஜெர்மனிக்கும் போலந்துக்கும் பிரிந்து கிடக்கிறது. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இந்த நாயை 'லூலூ தெ பொமெரானி' என்பார்கள். பெயரைக் கேட்டால் மடியில் தூங்கும் குட்டி என்று தோன்றும். ஆனால் அந்தக் காலத்தில் 30 பவுண்டு எடையுள்ளவையும் இருந்தன. 1888ல் இத்தாலிக்குப் போன விக்டோரியா மகாராணி, பிளாரன்ஸ் நகரில் மார்கோ என்ற நாயை வாங்கினார். அதன் எடை சுமார் 12 பவுண்டுதான். மகாராணி வைத்திருக்கிறார் என்றால் ஊர் சும்மா இருக்குமா? சிறியதோடு சிறியதைச் சேர்த்துச் சேர்த்து, கடைசியில் இரண்டு மூன்று கிலோவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டார்கள்.

நம் வீடுகளுக்கு வந்தது அதற்குப் பங்காளி முறை. வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த ஜெர்மன் ஸ்பிட்ஸ் நாய்கள் இங்கேயே தலைமுறை தலைமுறையாகப் பெருகி, 'இந்தியன் ஸ்பிட்ஸ்' என்று தனிப் பெயரே பெற்றுவிட்டன. சின்ன ரகம் ஐந்து முதல் ஏழு கிலோ இருக்கும். நடுவில் தெரு நாயின் ரத்தமும் கலந்திருக்கும். பேப்பர் பார்த்தா வளர்த்தோம்? 1994ல் வந்த 'ஹம் ஆப்கே ஹைன் கோன்' இந்திப் படத்தில் டஃபியாக நடித்ததும் இந்த ஜாதிதான்.

இதில் பெயருக்கு இருக்கும் மதிப்பை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 1989ல் ஆஸ்திரேலியாவில், பார்வையற்றோருக்கு வழிகாட்டும் நாய்களைப் பழக்கும் நிறுவனத்தில் வாலி கான்ரன் என்பவர் லாப்ரடாரையும் பூடிலையும் இணைத்தார். ஹவாயில் ஓர் அம்மையாருக்குப் பார்வை இல்லை, கணவருக்கோ நாய் முடி ஆகாது. முடி அதிகம் கொட்டாத வழிகாட்டி நாய் வேண்டும் என்பதற்காகச் செய்த வேலை அது. மிச்சக் குட்டிகளை 'கலப்பு' என்று யாரும் வாங்கவில்லை. 'லாப்ரடூடில்' என்று பெயர் வைத்தார், கேட்டு வாங்கினார்கள். தான் கிளப்பிவிட்ட இந்த மோகத்தைப் பார்த்துப் பின்னால் அவரே வருந்தினார். அதே பித்து இப்போது இங்கேயும் வந்துவிட்டது. பொமரேனியனையும் சிஹுவாஹுவாவையும் சேர்த்து 'பாம்சி' என்கிறார்கள்.

கலப்பு என்றாலே நோய் வராது என்று விற்பவர்கள் சொல்வதை முழுதாக நம்ப வேண்டாம். சிறிய நாய்களுக்கு முழங்கால் சில்லு விலகும் கோளாறு சகஜம். தாய் தகப்பன் இரண்டுக்கும் இருந்தால் குட்டிக்கும் வரலாம். பெயரைக் கேட்பதைவிடத் தாய் நாய் நடப்பதைப் பார்ப்பது மேல். மூச்சுக்குழலும் வலுக்குறைவாக இருக்கும். அதனால் கழுத்துப் பட்டையில் சங்கிலியை மாட்டி இழுக்காமல், மார்பைச் சுற்றிப் போடும் வார் வாங்குங்கள். வாய் சிறியது, பற்கள் நெருக்கம், சீக்கிரம் காரை படியும்.

எங்கள் வீட்டு லூலூ நகரியில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவள். ஸ்பிட்ஸ் தாய், தகப்பன் யாரென்று தெரியாது. எங்களோடு பதின்மூன்று வருடம் இருந்தாள். நம் ஊர் வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா, சதமடித்த ஊர்ப் பட்டியலில் வருஷம் தவறாமல் திருத்தணி இருக்கும்! பாவம் என்று முடியை ஒட்ட வெட்டிவிடச் சொன்னவர்கள் உண்டு. நான் கேட்கவில்லை. இந்த ஜாதிக்கு இரண்டு அடுக்கு முடி. மேலடுக்கு வெயில் தோலைச் சுடாமல் காக்கும். தினம் சீவி, உதிரும் அடிமுடியை எடுத்தால் போதும். நாய்க்கு உடம்பு முழுக்க வியர்க்காது, நாக்கை நீட்டி மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். கூர்மூக்கு இதற்கு ஓரளவு தோது. ஹட்ச் விளம்பரத்தால் பிரபலமான சப்பை மூக்கு பக் நாய் இங்கே படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது. எதுவானாலும் விடிவதற்குள் நடத்திக் கூட்டிவந்துவிட வேண்டும். தார் ரோட்டில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், உங்களுக்குச் சுட்டால் அதற்கும் சுடும்.

தயிர் சாதம் தின்று வளர்ந்த நாய்கள்தான் இவை. ஆனாலும் வேகவைத்த முட்டை, கோழி என்று கொஞ்சம் புரதம் வேண்டும். வெங்காய சாம்பார் கூடாது, ரத்தத்தைக் கெடுக்கும். மலைக்குப் போய் வந்தால் ஆசையாகப் பஞ்சாமிர்தம் ஊட்டுகிறோமே, அதில் இருக்கும் திராட்சை நாயின் சிறுநீரகத்தைப் பழுதாக்கிவிடும்.

வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். 1885ல் அல்சாஸ் பகுதியைச் சேர்ந்த ஜோசப் மெய்ஸ்டர் என்ற ஒன்பது வயதுப் பையனை வெறிநாய் கடித்தபோது, லூயி பாஸ்தர் தன் மருந்தைச் செலுத்திக் காப்பாற்றினார். அவர் பெயரால் குன்னூரில் 1907 முதல் நிலையமே இருக்கிறது. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, அப்புறம் டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதிகளில். அந்த அட்டையைக் காலண்டர் ஆணியிலேயே மாட்டி வைப்பது எங்கள் வீட்டு வழக்கம்.