ரேகை பேசுகிறது – 9: ஆயிரத்து இருபத்து நான்கு அறைகள்

1897 ஆகஸ்ட். ஜல்பைகுரித் தேயிலைத் தோட்டத்தில் மேலாளர் கழுத்தறுபட்டுக் கிடந்ததையும், பெட்டியில் இருந்த வங்காளிப் பஞ்சாங்கத்தின் அட்டையில் பழுப்புக் கறைகள் தெரிந்ததையும் போன வாரம் பார்த்தோம். கறைகளில் ஒன்று, முன்னாள் வேலைக்காரன் ஒருவனின் வலது கட்டைவிரல். பழைய குற்றமொன்றில் தண்டனை பெற்றவன் என்பதால் அவன் ரேகைத் தாள் கல்கத்தாவில் இருந்தது. இந்த வாரம் நீதிமன்றத்துக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஆனால் அந்தத் தாளைப் பத்திரமாக அடுக்கி வைத்திருந்த அலுவலகத்தைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அங்கேதான் அஜிஸுல் ஹக் இருக்கிறார்.

குல்னா மாவட்டத்துப் பையன். நல்ல சாப்பாட்டுக்காரன். மற்றவர்களுக்கு வைத்திருந்த சோற்றையும் தின்றதற்காக அண்ணன் அடிக்க, பன்னிரண்டு வயதில் வீட்டைவிட்டு ஓடிக் கல்கத்தா வந்து சேர்ந்தான் என்று குடும்பத்தார் சொல்வார்கள். யாரோ ஒரு வீட்டில் அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைத்தார்கள். பிரசிடென்சி கல்லூரியில் கணிதம். வங்காளப் போலீஸின் தலைமை அதிகாரி எட்வர்ட் ஹென்றி, ரேகை வேலைக்குக் கணக்கில் தேர்ந்த ஆள் வேண்டுமென்று தேடியபோது அகப்பட்டவர் இவர்தான்.

ரேகையை ஒப்பிடுவது கண்ணின் வேலை. ஆயிரக்கணக்கான தாள்களில் வேண்டியதைத் தேடி எடுப்பதுதான் பெரும்பாடு. பெயரை மாற்றிச் சொல்லும் கைதியின் பழைய தாளை எந்தக் கட்டில் தேடுவது? ஹக் பத்து விரல்களை ஐந்து ஜோடியாக்கினார். சுழி உள்ள விரலுக்கு மட்டும் மதிப்பு: முதல் ஜோடிக்கு 16, பிறகு 8, 4, 2, 1. ஒவ்வொரு ஜோடியிலும் ஒரு விரல் மேலே, ஒன்று கீழே. இரண்டையும் தனித்தனியே கூட்டி ஒவ்வொன்றோடும் ஒன்றைச் சேர்த்தால் ஒரு பின்னம் கிடைக்கும். வலது கட்டைவிரலில் மட்டும் சுழி இருந்தால் 1/17. பத்திலும் இருந்தால் 32/32. முப்பத்திரண்டு வரிசை, வரிசைக்கு முப்பத்திரண்டு அறை, ஆக 1,024. பத்து விரலும் கிடைத்துவிட்டால் போதும், பெயரே தேவையில்லை. நேராக அறைக்குப் போகலாம். ஒற்றை விரலுக்கு இந்தக் கணக்கு ஓடாது. ஹேம் சந்திர போஸ் என்ற இன்னொரு வங்காளியும் இந்த முறையை மேலும் கூர்மையாக்கினார். ரேகையைத் தந்தியில் அனுப்பக் குறியீடும் அவர் வகுத்ததே.

1897 ஜூனில் இந்திய அரசு இந்த முறையை ஏற்றது. 1901-இல் ஸ்காட்லாந்து யார்டும் ஏற்றது. உலகம் வைத்த பெயர் ‘ஹென்றி முறை’. 1900-இல் வந்த ஹென்றியின் புத்தகத்தில் ஹக்கின் பெயரே இல்லை. ஹென்றி திறமையான நிர்வாகி, அதை மறுக்கவில்லை. ஆனால் இது அநியாயம். தன் ஊழியர்களில் ஹக் அளவுக்குப் பங்களித்தவர் வேறெவரும் இல்லை என்று அவர் எழுத்தில் ஒப்புக்கொண்டது 1926-இல்தான். அரசு ஹக்குக்குக் கான் பகதூர் பட்டம் தந்தது, 5,000 ரூபாய் தந்தது. முறைக்கு அவர் பெயரைத் தரவில்லை. 1935-இல் அவர் காலமானார்.

கட்டைவிரல் கறையை நீதிபதி எவ்வளவு தூரம் நம்பினார் என்பது அடுத்த வாரம். அதற்குள் உங்கள் பத்து விரல்களிலும் சுழி எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். பிள்ளைகளுக்கும் எண்ணக் கற்றுக்கொடுங்கள். அப்போது ஹக், போஸ் என்ற இரண்டு பெயர்களையும் சொல்லிக்கொடுங்கள்.