சிட்னி கண் வைத்தியரும் தாய்மாரின் பேச்சும்



கொரோனா வந்து போன பிறகும் சரி, சிக்குன்குன்யா வந்து போன பிறகும் சரி, ஊரில் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று இருக்கிறது. "காய்ச்சல் சுகமாகிட்டு, ஏன் உடம்பு இன்னும் பழைய மாதிரி இல்ல?" வைத்தியம் சொல்ல நான் ஆள் இல்லை, சரித்திரம் படிப்பிக்கிறவன். ஆனால் இந்தக் கேள்விக்கும் ஒரு சரித்திரம் உண்டு. கொஞ்சம் நீளம்தான், பொறுமையாக வாசியுங்கள்.

ருபெல்லா என்ற வருத்தத்தை ஜேர்மன் சின்னமுத்து என்றும் சொல்வார்கள். இலேசான காய்ச்சல், காதுக்குப் பின்னால் நெறி கட்டுதல், மூன்று நாளில் மறையும் சிவந்த பருக்கள், அவ்வளவுதான். நூறு வருடத்துக்கு முன்பு எந்த வைத்தியரும் இதை ஒரு பொருட்டாக எடுக்கவில்லை.

1940இல் அவுஸ்திரேலியாவில் இந்த வருத்தம் பெரிதாகப் பரவியது. உலக யுத்தக் காலம். முகாம்களில் நெருக்கமாக இருந்த படைவீரர்கள் லீவில் வீட்டுக்கு வரும்போது வருத்தமும் கூடவே வந்தது. அடுத்த வருடம் சிட்னியில் நோர்மன் கிரெக் என்ற கண் வைத்திய நிபுணரிடம், பிறவியிலேயே கண்ணில் புரை விழுந்த கைக்குழந்தைகள் ஒன்றன்பின் ஒன்றாக வரத் தொடங்கின. எல்லாம் எடை குறைந்த, பால் குடிக்கச் சிரமப்படும் பிள்ளைகள். பலருக்கு இருதயத்திலும் கோளாறு. அந்தக் காலத்தில் பிறவிக் குறை என்றால் "பரம்பரை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். இத்தனை குடும்பங்களில் ஒரே வருடத்தில் பரம்பரைக் கோளாறா?

அவருடைய கிளினிக்கில் காத்திருந்த இரண்டு தாய்மார், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது தங்களுக்கு ஜேர்மன் சின்னமுத்து வந்த கதையைப் பேசிக்கொண்டிருந்தார்களாம். அது கிரெக்கின் காதில் விழுந்தது என்று சொல்வார்கள். அவர் மற்றத் தாய்மாரையும் விசாரித்தார், சக வைத்தியர்களிடமும் கேட்டு விபரம் சேர்த்தார். மொத்தம் 78 குழந்தைகள். அதில் 68 பேரின் தாய்மாருக்கு கர்ப்பக் காலத்தில் ருபெல்லா வந்திருந்தது, பெரும்பாலும் முதல் ஓரிரு மாதங்களில். 1941 ஒக்டோபரில் மெல்பேர்னில் நடந்த கூட்டத்தில் இதைக் கட்டுரையாக வாசித்தார்.

உலகம் உடனே ஏற்கவில்லை. 1944இல் கூட, நிரூபணம் போதாது என்று லண்டனின் லான்செட் சஞ்சிகை எழுதியது. என் எண்ணத்தில், தாய்மாரின் ஞாபகத்தைச் சாட்சியாக எடுக்கப் பலருக்கு மனம் வரவில்லை என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

பிள்ளைகள் வளர வளர இன்னொன்று தெரிந்தது. பலருக்குக் காது கேட்கவில்லை. கைக்குழந்தையில் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? பேச்சு வராதபோதுதான் தெரியும். அதைக் கவனித்துச் சொன்னவர்களும் தாய்மார்தான். இந்தப் பிள்ளைகளில் சிலர் புத்தி மந்தம் என்று தள்ளிவைக்கப்பட்டார்கள். ஆசிரியர்களாகிய நாங்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பின்வரிசையில் கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை "கவனமில்லாதவன்" என்று எழுதி முடிக்கும் பழக்கம் இன்னும் நம்மிடம் இருக்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனித்தான். லங்காஸ்டர் என்ற அவுஸ்திரேலியப் புள்ளிவிபரவியலாளர் பழைய குடிசன மதிப்பீட்டு ஏடுகளைப் புரட்டினார். 1911 கணக்கெடுப்பில் 10 முதல் 14 வயதுக்குட்பட்டவர்களில் செவிப்புலன் இழந்தவர்கள் வழமைக்கு மாறாக அதிகம். 1921இல் பார்த்தால் அதே கூட்டம் 20 முதல் 24 வயதில் நிற்கிறது. காது கேளாதோர் பாடசாலைகளின் பதிவேடுகளையும் எடுத்துப் பிறந்த திகதிகளைப் பின்னோக்கி எண்ணினார். 1898, 1899 வருடங்களில் அங்கே ருபெல்லா பரவியிருந்தது! பல தசாப்தங்களாக அச்சிட்ட புத்தகத்திலேயே கிடந்த விடயம், 1951இல்தான் வெளியில் வந்தது. பதிவேடு எழுதுவது வீண் வேலை என்று சலித்துக்கொள்ளும் சக ஆசிரியர்களுக்கு இதை நான் அடிக்கடி சொல்வதுண்டு.

அந்த முதல் தொகுதிப் பிள்ளைகளில் ஐம்பது பேரைச் சிட்னி வைத்தியர்கள் விடாமல் பின்தொடர்ந்தார்கள். 25 வயதில் பார்த்தபோது பெரும்பாலானோர் தொழில் செய்துகொண்டிருந்தார்கள். சிறுவயதில் அவர்களைப் பற்றிச் சொல்லப்பட்ட ஆரூடங்கள் பல பொய்த்துப் போயின. ஆனால் அறுபது வயதளவில் உயிரோடிருந்தவர்களைப் பரிசோதித்தபோது ஐந்தில் ஒருவருக்கு மேல் நீரிழிவு. தைரொயிட் கோளாறும் சாதாரண மக்களை விட அதிகம். பெண்களில் பலருக்கு மாதவிடாய் நேரத்தோடே நின்றிருந்தது. தாயின் வயிற்றில் இருக்கும்போது வந்த மூன்று நாள் வருத்தத்தின் கணக்கு, அறுபது வருடம் கழித்தும் முடியவில்லை.

1964, 65இல் அமெரிக்காவில் பரவியபோது சுமார் 20,000 குழந்தைகள் பாதிப்போடு பிறந்தன. வைரஸை 1962இலேயே பிரித்தெடுத்திருந்ததால் இந்த முறை ஆய்வுகூடத்தில் பார்க்க முடிந்தது. பிறந்து பல மாதங்கள் கழித்தும் அந்தக் குழந்தைகளின் உடம்பிலிருந்து வைரஸ் வெளியேறிக்கொண்டே இருந்தது. 1969இல் அங்கே தடுப்பூசிக்கு அனுமதி கிடைத்தது. கிரெக் அதைக் காணவில்லை. 1966இலேயே காலமாகிவிட்டார்.

நம் நாட்டில் 1996இல் கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு ருபெல்லா தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். இப்போது பிள்ளைகளுக்கு 9 மாதத்திலும் 3 வயதிலும் போடும் எம்.எம்.ஆர். ஊசியில் இதுவும் அடக்கம். 2020இல் இலங்கையும் மாலைதீவும் ருபெல்லாவை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார அமைப்பு அறிவித்தது. தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் முதல் இரண்டு நாடுகள் நாங்கள்தான். கொரோனாச் செய்தி நடுவில் யாரும் இதைப் பெரிதாகப் பேசவில்லை.

ஊசி பற்றி வட்ஸ்அப்பில் சுற்றும் குரல் பதிவுகளை எனக்கும் அனுப்புகிறார்கள். அவர்களுக்கு என் பதில் இந்தக் கதைதான். கல்யாணம் பேசியிருக்கும் பெண் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய பழைய தடுப்பூசி அட்டையைத் தேடி எடுத்து, ருபெல்லா போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் பகுதி மிட்வைஃபிடம் இப்போதே கேளுங்கள். கர்ப்பம் தரித்த பிறகு இந்த ஊசியைப் போட மாட்டார்கள்.