பெருக்க மரம் கூறும் வரலாறு

வரலாற்றைக் கல்வெட்டிலும் செப்பேட்டிலும் நாணயத்திலும் தேடுவது அறிஞர் மரபு. மன்னர்கள் பொறித்து வைத்தவற்றை அவற்றில் படிக்கிறோம். வணிகர்கள் விட்டுச் சென்ற கணக்குகளையும் ஓரளவு படிக்கிறோம். ஆனால் எழுதத் தெரியாதவரும் எழுத விடப்படாதவருமாகிய மக்கள் எவ்வழியே சென்றனர், எக்கரையில் சேர்ந்தனர் என்பதற்குச் சான்று எங்கே கிடைக்கும்? சில வேளைகளில் ஒரு மரம் அச்சான்றாக நிற்கிறது. அத்தகைய மரமொன்றைப் பற்றியே இங்கு எழுதப் புகுகிறோம்.

இலங்கையில் மன்னாரிலும் நெடுந்தீவிலும் வாழும் தமிழர் இதனைப் பெருக்க மரம் என்பர். பப்பரப்புளி, பொந்தன்புளி, யானைப்புளி என்னும் பெயர்களும் தமிழில் உண்டு. ஐரோப்பியர் பாவோபாப் என அழைப்பர். இதன் அடிமரம் ஒரு சிறு வீட்டைப் போல் அகன்று நிற்கும். முதிர்ந்த மரங்களின் சுற்றளவு 20 மீட்டரையும் கடந்து விடுவதுண்டு. ஆண்டின் பெரும்பகுதி இலையின்றி நிற்பதால், கிளைகள் வானை நோக்கிய வேர்களைப் போல் தோன்றும். இறைவன் இம்மரத்தைத் தலைகீழாக நட்டு விட்டான் என்று ஆப்பிரிக்க மக்கள் கதை கூறுவர். அந்தி சாயும் வேளையில் இதன் பெரிய வெண்மலர்கள் விரிகின்றன. பழந்தின்னி வௌவால்கள் இரவில் வந்து மகரந்தத்தைச் சுமந்து செல்கின்றன. பட்டையை உரித்துக் கயிறு திரித்தாலும், ஏனைய மரங்களைப் போல் பட்டுப் போகாது. புதிய பட்டை வளர்ந்து புண்ணை மூடி விடும்.

இம்மரத்தின் வியப்பை ஏட்டில் பதித்தவர்களுள் முற்பட்ட ஒருவர் நமக்கு நன்கு அறிமுகமானவர். தாஞ்சியரில் 1304ஆம் ஆண்டு பிறந்த பயணி இப்னு பதூதாவே அவர். 1344ஆம் ஆண்டளவில் இலங்கையையும், அரபியர் மஅபர் என வழங்கிய நம் கிழக்குக் கரையையும் கண்டு சென்ற அப்பெரியார், 1352இல் சஹாரா பாலைவனத்தைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்றார். வலாத்தாவிலிருந்து தலைநகருக்குச் செல்லும் வழியில் மிகப் பழமையான பெருமரங்கள் பலவற்றைக் கண்டார். ஒரே மரத்தின் நிழலில் ஒரு வணிகக் கூட்டம் முழுவதும் தங்கலாம் என்றும், சில மரங்களின் உட்புறம் உளுத்துக் குழிந்திருப்பதால் மழைநீர் அதில் கிணறு போல் தேங்க, மக்கள் அதனைப் பருகுவர் என்றும், வேறு சிலவற்றில் தேனீக்கள் கூடு கட்டியிருந்தன என்றும் அவர் கூறுகிறார். ஒரு மரத்தின் பொந்துக்குள் நெசவாளி ஒருவர் தறியமைத்து நெய்து கொண்டிருந்ததைக் கண்டு அவர் வியந்து போனார். மரத்தின் பெயரை அவர் குறிப்பிடவில்லை. எனினும் இவ்வருணனை பெருக்க மரத்தையே குறிக்கும் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு.

ஐரோப்பியருக்கு இம்மரம் பின்னரே தெரிய வந்தது. கெய்ரோ நகரின் கடைத்தெருவில் விற்கப்பட்ட இதன் பழத்தை, இத்தாலிய மருத்துவர் பிராஸ்பெரோ அல்பினி 1592இல் வெளியான தம் நூலில் வருணித்தார். விதை மிகுந்தது எனப் பொருள்படும் அரபுச் சொற்றொடரே பாவோபாப் எனத் திரிந்தது என்பர். பிரெஞ்சு அறிஞர் மிஷேல் அதான்சன் 1749இல் செனகலை அடைந்து இம்மரத்தை விரிவாக ஆராய்ந்தார். அவர் நினைவாகவே தாவர நூலார் இதற்கு அதான்சோனியா எனப் பெயர் சூட்டினர். பழைய மாலுமிகள் மரத்தில் செதுக்கிய பெயர்களையும் ஆண்டுகளையும் கொண்டு கணக்கிட்ட அதான்சன், சில மரங்கள் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டவை என மதிப்பிட்டார். அது மிகையான மதிப்பீடு. முதிர்ந்த மரங்களின் நடுப்பகுதி பெரும்பாலும் வெற்றிடமாகி விடுவதால், வளையங்களை எண்ணி வயது காண்பது அரிது. கதிரியக்கக் கார்பன் முறையே இதற்கு ஏற்றது. அம்முறையில் மிக அதிக வயது கண்ட ஜிம்பாப்வே நாட்டு மரம் ஏறத்தாழ 2,450 ஆண்டுகள் வாழ்ந்தது. நம் சங்கப் புலவர்கள் பாடிய காலத்திலேயே அது முதிர்ந்த மரமாய் நின்றிருக்கும்.

இனி இம்மரத்தின் பயணத்தைக் காண்போம். பெருக்க மரத்தில் எட்டு இனங்கள் உள்ளன. ஆறு இனங்கள் மடகாஸ்கர் தீவுக்கே உரியவை. ஒன்று ஆப்பிரிக்கப் பெருநிலத்துக்கும், மற்றொன்று ஆஸ்திரேலியாவின் வடமேற்குப் பகுதிக்கும் உரியவை. இவ்வினங்கள் மடகாஸ்கரில் தோன்றின என்றும், விதைகள் கடல் நீரோட்டத்தில் மிதந்தே பிற கண்டங்களை அடைந்திருக்கக் கூடும் என்றும் 2024இல் வெளியான மரபணு ஆய்வொன்று கூறுகிறது. இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் காண்பது ஆப்பிரிக்கப் பெருநிலத்து இனம். இதனைக் கொண்டு வந்தவை மனிதரின் கைகளே.

பெயர்களில் அதற்குரிய தடயம் கிடைக்கிறது. மத்தியப் பிரதேசத்தின் பழைய சுல்தான்களின் தலைநகரான மாண்டுவில் இம்மரங்கள் மிகுதி. அங்கே இதனைக் குராசானி இம்லி, அதாவது குராசான் நாட்டுப் புளி என்பர். கன்னடத்துச் சவணூரில் மூன்று பெருமரங்கள் நிற்கும் மடத்துக்கே 'பெரும்புளி மடம்' எனப் பொருள்படும் பெயர் அமைந்திருக்கிறது. தமிழிலும் இது புளியே. பழத்தின் உள்ளே இருக்கும் வெண்மையான, உலர்ந்த, புளிப்பான சதையைச் சுவைத்த மக்கள், அறிந்த பொருளின் பெயரை அறியாத பொருளுக்குச் சூட்டினர். இதில் ஒரு வேடிக்கை உண்டு. நம் அடுக்களைப் புளியை அரபியர் தமர் ஹிந்தீ, அதாவது இந்தியப் பேரீச்சை என்றனர். அப்புளிய மரமோ ஆப்பிரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. பெருக்க மரத்தை வட இந்தியர் குராசானுக்கு உரியதாக்கினர். அதுவும் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததே. இரண்டு பெயரிலும் ஆப்பிரிக்கா மறைந்து விட்டது.

இப்பெயர் மறைவு தற்செயலானதன்று என நாம் கருதுகிறோம். மன்னார்ப் பள்ளிமுனையில் நிற்கும் பெருமரத்தைக் காண்போரிடம், அரபு வணிகர்கள் தம் ஒட்டகங்களுக்குத் தழை வேண்டி இம்மரத்தைக் கொண்டு வந்தனர் என்று ஊரார் கூறுவர். கோல்கொண்டாவில் யானை மரம் எனப் பெயர் பெற்ற பெருமரத்தைப் பற்றியும் அரபு வணிகர் கதையே வழங்குகிறது. கடலோர முஸ்லிம் குடும்பங்களுக்கு இக்கதை இனிக்கும். நம் முன்னோரின் மரக்கலங்கள் ஏறி வந்த மரம் என்று பிள்ளைகளுக்குச் சொல்வதில் யாருக்குத்தான் பெருமை இராது? ஆனால் அக்கதை ஒரு பகுதி மட்டுமே என்பதை மரங்களே எடுத்துரைக்கின்றன.

ஆப்பிரிக்கா, இந்தியா, மொரீசியஸை உள்ளிட்ட தீவுகள், மலேசியா ஆகிய இடங்களிலுள்ள மரங்களின் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வொன்று 2015இல் வெளியாயிற்று. இந்திய மரங்களுக்கு மிக நெருங்கிய உறவு, மொம்பாசா முதல் தாருஸ்ஸலாம் வரையுள்ள கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் காணப்பட்டது. அம்மரம் இந்தியாவுக்கு ஒரே முறையில் வந்ததன்று. நீண்ட காலத்தில் பன்முறை வந்தது என்பதும் புலப்பட்டது. மொம்பாசாவும் கில்வாவும் 1331இல் இப்னு பதூதா கண்டு மகிழ்ந்த முஸ்லிம் துறைமுகங்கள். ஆகவே அரபு, சுவாஹிலி மாலுமிகளுக்கு இதில் பங்குண்டு என்பதில் ஐயமில்லை. நம் பெருமைக்கு இதுவரை ஊறு இல்லை.

ஆனால் அவ்வாய்வு மற்றொன்றையும் கூறுகிறது. கில்வாவைச் சுற்றியும் சாம்பெசி ஆற்றுப் பகுதியிலும் உள்ள மரங்கள் ஒரே மரபினவாய் இல்லை. வெவ்வேறு பகுதிகளுக்குரிய மரபுகள் அங்கே கலந்து கிடக்கின்றன. பதினைந்து முதல் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை உள்நாட்டிலிருந்து பிடித்து வரப்பட்ட அடிமைகள் அத்துறைமுகங்களுக்கு நடத்தி வரப்பட்டதன் சுவடாக இக்கலப்பு இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. கெட்டியான ஓட்டுக்குள் காய்ந்திருக்கும் இப்பழம் நெடுவழிக்கு ஏற்ற உணவு. விலங்கிடப்பட்டு வந்தவர்கள் உண்டு எறிந்த விதைகள் கரையோரத்தில் முளைத்து மரமாகி நிற்பதை நம் மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவர்களுடைய பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இவ்வடிமை வாணிபத்தை நடத்தியவர்களுள் போர்த்துக்கீசியரும் பிரெஞ்சுக்காரரும் இருந்தனர். முஸ்லிம் வணிகரும் இருந்தனர். பெருமரத்தின் பொந்தில் தறி நெய்தவரைக் கண்டு வியந்த அதே இப்னு பதூதா, 1353இல் தகத்தா என்னும் ஊரிலிருந்து திரும்பியபோது, 600 அடிமைப் பெண்கள் அடங்கிய வணிகக் கூட்டத்தோடு பயணம் செய்தார். அதனை ஒரு சாதாரணச் செய்தியாகவே அவர் குறித்துச் சென்றார். அப்பெண்கள் சஹாராவை எவ்வாறு கடந்தனர் என்பதைச் சொல்வார் இல்லை. நம் பயண இலக்கியத்தின் பெருமையைப் பேசும்போது இவ்வொரு வரியைத் தாண்டிச் செல்வது நேர்மையாகாது.

அடிமைகளாய் வந்தோர் அனைவரும் அடிமைகளாகவே மறைந்தனர் எனவும் கருத வேண்டா. எத்தியோப்பியாவில் பிறந்து, பல முறை விற்கப்பட்டு, தக்காணத்தை அடைந்த மாலிக் அம்பர், அகமத்நகர் அரசின் தலைமை அமைச்சராய் உயர்ந்து, முகலாயப் படைகளைப் பல்லாண்டு தடுத்து நிறுத்தினார். பின்னாளில் ஔரங்காபாத் எனப்பட்ட கிர்க்கி நகரை 1610இல் அமைத்தவரும் அவரே. அவர் 1626இல் மறைந்தார். குஜராத்திலும் கர்நாடகத்திலும் வாழும் சித்தி மக்கள் ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்களே. ஹபஷி என்னும் சொல் நம் இல்லங்களுக்கு அந்நியமானதன்று; முதன்முதலில் பாங்கொலி எழுப்பிய பிலால் (ரலி) அவர்கள் அடிமைத்தளையிலிருந்து விடுதலை பெற்ற அபிசீனிய மரபினர் அல்லரோ! அவர்களை நெஞ்சில் இருத்திய சமுதாயம், அவர்கள் இனத்தார் கொண்டு வந்த மரத்திலிருந்து அவர்கள் பெயரை மறைத்து விடலாமா?

நம் கரைக்குரிய செய்தி இன்னும் வியப்பானது. தென்கிழக்கு இந்தியாவில் ஆராயப்பட்ட மரங்கள், மொரீசியஸ் பகுதித் தீவுகளிலும் மலேசியாவிலும் உள்ளவற்றைப் போல, மேற்கு ஆப்பிரிக்க மரங்களோடு ஒரே மரபில் சேர்கின்றன. பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பியக் குடியேற்ற ஆட்சிகளின் கப்பல் வழியே அவை வந்தன என ஆய்வாளர் முடிவு செய்தனர். ஒரே கொடியின் கீழ் செனகலின் கோரே தீவும் மொரீசியஸும் புதுச்சேரியும் இருந்த காலத்தை எண்ணினால், இது விளங்காத புதிராகாது. மன்னார்க் கதையை இவ்வாய்வு பொய்யாக்கி விடவில்லை. எல்லா மரத்துக்கும் ஒரே கதை பொருந்தாது என்பதை மட்டும் உணர்த்துகிறது. ஒவ்வொரு மரத்தையும் அதனதன் வரலாற்றோடு கேட்டறிய வேண்டும்.

கேட்டறிவதற்குரிய காலமோ குறுகி வருகிறது. ஆப்பிரிக்காவின் மிக மூத்த 13 மரங்களுள் 9 மரங்களும், மிகப் பெரிய 6 மரங்களுள் 5 மரங்களும் 2005க்குப் பின் முற்றிலுமாகவோ, அவற்றின் மூத்த பகுதிகளோ அழிந்து விட்டன என்று 2018இல் ஆய்வாளர் அறிவித்தனர். நாம் மேலே கூறிய ஜிம்பாப்வே மரமும் அவற்றுள் ஒன்று. வழிப்போக்கர் பலர் பெயர் செதுக்கிச் சென்ற போட்ஸ்வானாவின் சாப்மன் மரம் 2016 ஜனவரியில் சரிந்து விழுந்தது. நோய் காரணமாகத் தெரியவில்லை. வெப்பமும் வறட்சியும் மாறி வருவதே காரணமாகலாம் என அவர்கள் ஐயுறுகின்றனர். ஈராயிரம் ஆண்டு வறட்சிகளைத் தாங்கிய உயிர் நம் தலைமுறையில் தளர்ந்து வீழ்கிறது.

ஏடுகள் கிழிந்தால் படியெடுத்துக் கொள்ளலாம்; இம்மரங்களுக்குப் படியில்லை. மன்னாரிலோ கோல்கொண்டாவிலோ பெருக்க மரத்தின் நிழலில் நம் பிள்ளைகள் நிற்கும்போது, கடலோடிய முன்னோரைப் பற்றி அவர்களுக்குக் கூறுவோம். அதனுடன், அக்கடலில் விலையாகச் சென்ற மனிதரைப் பற்றியும் கூறுவோம். நிழல் இருவருக்கும் பொதுவாகவே விழுகிறது. வரலாறும் அவ்வாறு இருவருக்கும் பொதுவாக எழுதப்பட வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.