தலையெழுத்தா? கணக்கெழுத்தா?

பொருளாதாரம் என்றதும் புள்ளிகளும் கோடுகளும் நிறைந்த புரியாத பாடம் என்றே மாணவர் பலர் அஞ்சி ஒதுங்குகின்றனர். குறை அவர்களுடையதன்று. தேவை, வழங்கல் விதிகளை ஒப்புவிக்கச் சொல்லும் வகுப்பறை, தந்தை பட்ட கடனுக்கு வட்டி எவ்வளவு என்று கேட்கத் தூண்டுகிறதா? இல்லை! ஏடு வேறு, வீடு வேறு என்று நின்றுவிடுகிறது பாடம்.

இந்தப் பாடத்தை யார் கற்றனர், எதற்காகக் கற்றனர் என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனி, தன் அதிகாரிகளைப் பயிற்றுவிக்க 1806இல் இங்கிலாந்தில் ஒரு கல்லூரி தொடங்கிற்று. பின்னர் ஹெய்லிபரி கல்லூரி எனப் பெயர்பெற்ற அதில், 1834இல் மறையும்வரை வரலாறும் பொருளாதாரமும் கற்பித்தவர் மால்தஸ். ஆள வந்தோர்க்குப் பாடம் கிடைத்தது, ஆளப்பட்டோர்க்கு? 1876 முதல் 1878 வரை பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிற்று. தானிய வாணிகத்தில் அரசு தலையிடலாகாது என்ற கொள்கையைக் கட்டிக்கொண்டு நின்றது லிட்டன் ஆட்சி. நிவாரண வேலைக்கு வந்தோர்க்கு 1877இல் டெம்பிள் வகுத்த கூலி, நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமே! மாண்டோர் பல இலட்சம். விலையும் கூலியும் பற்றிய விதிகள் ஆள்வோர் கையில். வினையும் ஊழும் பற்றிய கதைகள் மக்கள் காதில்!

இந்நிலையில் வேறொரு வழி காட்டினார் ஓர் ஆசிரியர். 1915இல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளாதாரப் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தொழிலாளர் பயிலும் ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக ஆக்ஸ்போர்டில் பணிபுரிந்தவர். விடுமுறைக்கு ஊர் திரும்பும் மாணவர் கையில் அவர் கொடுத்தது வினாப் பட்டியல். நிலம் யாருடையது? உழுபவர் யார்? கூலி என்ன? கடன் எவ்வளவு? பிறந்த ஊரே பாடநூலாயிற்று. அந்த ஆய்வுகள் 1918இல் நூலாக வெளிவந்தன.

தென்னார்க்காட்டு இருவேல்பட்டைப் பற்றிய பகுதி நெஞ்சை உலுக்கும். அங்கே படியாள் என்போர் இருந்தனர். திருமணச் செலவுக்கென நிலக்கிழாரிடம் வாங்கிய கடன், உழைப்பாளியைக் கட்டிற்று. கடன் தீரவில்லை, மகனுக்கு இறங்கிற்று, பேரனுக்கும் இறங்கிற்று. நிலம் கைமாறினால் படியாளும் கைமாறினான்! தலையெழுத்து என்று அவன் நம்பியது எது? நிலக்கிழாரின் கணக்கேட்டில் எழுதிய எழுத்து! பிரமன் எழுதியதன்று, மனிதன் எழுதியது. மனிதன் எழுதியதை மனிதன் அழிக்க முடியும்.

அழித்தும் காட்டினர். கொத்தடிமை முறையை ஒழிக்க 1976இல் சட்டம் பிறந்தது. ஸ்லேட்டர் தொட்ட ஊர்கள் சிலவற்றைத் தாமசும் இராமகிருஷ்ணனும் மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூல் வெளியிட்டனர். இருவேல்பட்டைப் பின்வந்தோர் 1980களிலும் 2008இலும் ஆராய்ந்தனர். நிலக்கிழாரின் பழைய பிடி தளர்ந்த வரலாறு அந்தப் பக்கங்களில் இருக்கிறது. ஒரு வகுப்பறை எழுப்பிய வினா, நூறாண்டின் சான்றாயிற்று!

பிடி தளர்ந்ததே தவிர, வட்டி சாகவில்லை. கந்துவட்டியைத் தடுக்க 2003இல் தமிழ்நாட்டில் சட்டம் இயற்ற நேர்ந்தது. நூறு ரூபாய்க்குத் திங்கள்தோறும் பத்து ரூபாய் வட்டி என்றால், ஓராண்டில் கட்டுவது 120 ரூபாய். அசல் நூறும் அசையாமல் நிற்கும்! இந்தக் கணக்கைக் கரும்பலகையில் எழுதி, உங்கள் தெருவில் வட்டி என்ன என்று கேட்டுப் பாருங்கள். கடைசி வரிசை மாணவனும் நிமிர்ந்து உட்காருவான்.

தோழர்களே! ஆசிரியத் தொழில் ஏற்றிருக்கும் நாம் செய்யவேண்டியது இதுதான். மாணவனை வீட்டுச் செலவை எழுதச் செய்வோம். சந்தை விலையைக் குறிக்கச் செய்வோம். தாயின் கூலியையும் தந்தையின் கூலியையும் ஒப்பிடச் செய்வோம். வேறுபாடு ஏன் என்று கேட்கச் செய்வோம். கேட்கத் தெரிந்தவன் விதியை நோவதில்லை. கணக்கைக் கேட்பான்!