நிலாவெளி: மாசிப் பனியும் மணற்கிணறும்

நிலாவெளியின் ஆண்டை இரண்டு காற்றுகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஐப்பசி முதல் தை வரை வாடை. கடல் கொந்தளிக்கும், வானம் திறந்து கொட்டும். வைகாசி முதல் ஆவணி வரை கச்சான். மேற்கிலிருந்து அனல் வீசும், புல் கருகும். இரண்டுக்கும் நடுவில் தை கடைசியிலிருந்து பங்குனி வரை ஓர் இடைவெளி உண்டு. இரவில் பனி பெய்யும், பகலில் வெயில் உறைக்காது. தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது இந்தக் காலத்தைப் பற்றிய பேச்சுத்தான். திருகோணமலை நகருக்கு வடக்கே ஏறக்குறைய 15 கிலோமீற்றரில் கிடக்கும் இந்தக் கரையோர ஊர், வெள்ளம் வற்றக் காத்திருந்தது. தோட்டம் போடுவதும் ஊர்விட்டு ஊர் போவதும் அந்தச் சில வாரங்களிலேயே கூடின.

இதற்குக் காரணம் மண். கரையை ஒட்டிய மணல், மழையைத் தேக்கும். மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 1,600 மில்லிமீற்றர். அதில் பாதிக்கு மேல் ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையே விழுந்துவிடுகிறது. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடியில் உள்ள உப்புநீரைவிட எடை குறைந்தது என்பதால் அதன்மேல் மிதக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டி ஒல்லாந்திலும் ஜேர்மனியிலும் கடலோர மணல்மேடுகளை ஆராய்ந்தவர்கள் இதற்குக் கணக்கே போட்டார்கள்: கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறக்குறைய 40 அடி நன்னீர் நிற்கும். மறுபக்கமும் அதே கணக்குத்தான்; மேலே ஓர் அடி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு 40 அடி ஏறப் பார்க்கும். கிழக்குக் கரையின் மக்கள் கணக்கில்லாமலே இதை அறிந்திருந்தார்கள். ஆழக் கிணறு வெட்டாமல், கையெட்டும் ஆழத்தில் பூவல் தோண்டினார்கள். மணல் சரிந்தால் பக்கத்தில் இன்னொன்று. மாசியில் இந்தத் தண்ணீர் மிக உயரத்தில் நிற்கும், மிக இனிப்பாகவும் இருக்கும்.

இங்கே நிலம் பெறுமதியானது என்பதற்குக் கல்வெட்டுச் சான்றே இருக்கிறது. நிலாவெளியில் கிடைத்த சோழர் காலத் தமிழ்க் கல்வெட்டு, கோணமலையிலுள்ள மத்ஸ்யகேஸ்வரத்து இறைவனுக்கு நாள்தோறும் ஆகும் செலவுக்காக 250 வேலி நிலம் கொடுக்கப்பட்டதைச் சொல்கிறது. அதில் நீர்நிலமும் உண்டு, புன்செய்யும் உண்டு. கோணேசர் கோயிலின் விளக்கும் அமுதும் இந்தப் பக்கத்து வயலையும் மேட்டுநிலத்தையும் நம்பியிருந்தன. உள்ளே, பெரியகுளத்துக்கு அருகே, சோழர் காலத்தில் இராஜராஜப் பெரும்பள்ளி என்று பெயர் பெற்ற பௌத்தப் பள்ளி இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் கல்வெட்டுகள் விளக்குக்கும் பசுவுக்கும் கொடுத்த கொடைகளைப் பதிவு செய்கின்றன. சிவன் கோயிலும் புத்தர் பள்ளியும் ஒரே குளத்து நாட்டில் தமிழில் கொடை பெற்ற இந்தக் காலம், திருகோணமலை வரலாற்றின் மிக அருமையான பக்கங்களில் ஒன்று.

பின்வந்த நூற்றாண்டுகளில் இந்த நாடு தளர்ந்தது. 1624இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தார்கள். கொடை நிலங்கள் எவருக்கென்று இல்லாமல் போயின. 1786இல் திருகோணமலையின் ஒல்லாந்த அதிகாரி வான் சென்டன், கொட்டியாரம், தம்பலகாமம், கட்டுக்குளம்பற்று ஆகியவற்றைச் சுற்றிப் பார்த்து நாட்குறிப்பு எழுதினார். நிலாவெளி அடங்கிய பற்று கட்டுக்குளம்பற்று. ஆங்கிலேயருக்குத் துறைமுகமே பெரிது. கிராமங்களில் அவர்கள் கண் வைத்தது, அரசின் தனியுரிமையாக இருந்த உப்பின்மீதே.

தோட்டத்தின் கதை அதிகாரிகளின் ஏடுகளில் குறைவாகவே இருக்கிறது. அது மண்ணிலும் கைப்பழக்கத்திலும் தங்கியது. மாசியில் குளத்துக்குக் கீழே பெரும்போக நெல் அறுவடைக்கு நிற்க, கரைப் பக்கத்து வளவுகளில் பாத்தி கட்டுவார்கள். முதலில் வேலி: கிளுவைக் கதியாலும் பூவரசும் நட்டு, கிடுகு கட்டி மறைப்பார்கள், இல்லாவிட்டால் மாடும் கடற்காற்றும் பயிரை விடாது. பிறகு பட்டிமாட்டு எருவும் பூவரசங் குழையும் மணலில் புதைப்பார்கள். மணல் தண்ணீரை உடனே விட்டுவிடும். உரம் ஏறினால்தான் பிடித்துவைக்கும்.

அரசன் வெங்காயம்தான். முன்போகத்தில் பிடுங்கி, தாளோடு பிடிபிடியாகக் கட்டி, காற்றுப்படத் தூக்கிவைத்த காய்களே விதை. உறக்கம் தெளிந்து நுனி பச்சை காட்டும் காய்களைப் பிரித்து, வேர்ப்பக்கம் கீழாக, பாதி வெளியே தெரியும்படி விரலால் அழுத்தி ஊன்றுவார்கள். ஆழம் போனால் அழுகும், மேலே நின்றால் காயும். அறுபது எழுபது நாளில், பெரும் வெயில் வருமுன் பயிர் முடியும். கரையோரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பயிர் கிடையாது. கூடவே மிளகாய், கத்தரி, பயற்றங்காய், வத்தகப்பழம். வளவின் மூலையில் பனம்பாத்தி இருக்கும். மழைக்கு முன் அடுக்கிய விதைகள் தையில் கிழங்காகி நிற்கும். அவித்துத் தின்றது போக மீதி ஒடியலாகவும் புழுக்கொடியலாகவும் காயும். பனி ஈரம் படாமல் அதைக் காப்பது வீட்டுப் பெண்களின் பெரும் வேலை.

பயணங்களும் இந்த வாரங்களுக்கு உரியவை. மழையில் களப்பும் ஓடையும் பெருகிப் பாதை துண்டாகும். வற்றிய பிறகே வண்டி ஓடும். மாசிச் சிவராத்திரிக்குக் கோணமலை போவது இவற்றில் முதன்மையானது. கோயில் இடிந்து கிடந்த மூன்று நூற்றாண்டுகளிலும் மக்கள் அந்தப் பாறையை விட்டுவிடவில்லை. விளிம்பில் நின்று கடலை நோக்கி வழிபட்டார்கள். 1950இல் அருகே கிணறு தோண்டும்போது பழைய படிமங்கள் வெளிவந்தன. 1963இல் கோயில் மீண்டும் குடமுழுக்குக் கண்டது. சிவராத்திரியை அடுத்த நாட்களில் கோணேசர் நகர்வலம் வருகையில் சுற்றூர்கள் நகரில் திரள்கின்றன. கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்குப் போவது வேறு வகை. இராவணன் தாய்க்குக் கடன் செய்ய உண்டாக்கிய கிணறுகள் என்பது ஐதீகம். அந்தியேட்டி செய்யவும் அங்கேதான் போனார்கள், பனிக்காலக் குளிருக்கு இதமாகக் குளிக்கவும் போனார்கள்.

கரைக்கு எதிரே ஒரு கிலோமீற்றர் தொலைவில் உள்ள புறாத்தீவுக்கு மட்டும் மாசியில் போக முடியாது. வாடைக் கடல் அடங்கிப் பங்குனி பிறந்த பிறகே தோணி இறங்கும். ஆங்கிலேயர் துப்பாக்கிப் பயிற்சிக்குப் பயன்படுத்திய அந்தப் பாறைத்தீவு, மாடப்புறாக்களைக் காக்க 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது.

1970களில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இறக்குமதித் தடை வந்தபோது வடக்கு கிழக்குத் தோட்டக்காரர் நல்ல காசு கண்டார்கள். பூவலும் பட்டையும் போய் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. 1977இல் சந்தை திறக்கப்பட்டதும் விலை வீழ்ந்தது. 1980களில் போர் தொடங்கியது. 1985இலும் 1990இலும் மக்கள் கூட்டமாக இடம்பெயர, பாத்திகள் பற்றைக்காடாயின.

2004 டிசம்பர் 26 காலை ஆழிப்பேரலை ஊரைக் கடந்து போனது. உயிரிழப்புக்கு ஈடில்லை. எஞ்சியோருக்கு அடுத்த துன்பம் தண்ணீர்: கிணறுகளில் கடல்நீரும் சேறும் நின்றன. கிழக்குக் கரை முழுவதும் இயந்திரம் வைத்து இறைத்துத் துப்புரவு செய்தார்கள். நல்லெண்ணத்தில் செய்ததுதான்; ஆனால் அதிகம் இறைத்த இடங்களில் அடியிலிருந்த உப்பு மேலேறியது. அடுத்தடுத்த வாடை மழைகளே மணலைக் கழுவி நன்னீரை மீட்டன.

2009இல் இறக்கண்டிக் களப்பின்மேல் புதுப்பாலம் திறந்தபின் மழைக்காலத்திலும் குச்சவெளிப் பக்கம் போக்குவரத்து நடக்கிறது. கரையோரக் காணிகள் பல விடுதிகளாகிவிட்டன. 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் இதே கரையில் ஏறியது. வீதிக்கு மேற்கே, கும்புறுப்பிட்டி வரை, வெங்காயப் பாத்திகள் இன்றும் உண்டு. பயிர் முடிந்ததும் தாளோடு கட்டிய வெங்காயம் திருகோணமலைச் சந்தைக்கு வருகிறது.