பயணத்துக்குப் படியளந்தவர்கள்

சாகசப் பயணம் சென்று அதை எழுதிப் பிழைப்பது மேலை நாடுகளில் ஒரு தொழிலாக உருப்பெற்றது, பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதிக்கும் இரண்டாம் உலகப் போருக்கும் இடைப்பட்ட காலத்தில்தான். அதற்கு முன்பும் யாத்திரிகர்களும் வணிகர்களும் தூதர்களும் தாம் கண்டவற்றை எழுதி வைத்தார்கள் என்றாலும், அவர்களுடைய பிழைப்புக்கு வழி வேறிடத்தில் இருந்தது. எழுத்து அவர்களுக்கு உபரியே. இத்தொழிலின் வரலாற்றைத் துணிச்சல்காரர்களின் வரிசையாகச் சொல்லிச் செல்வது வழக்கமாகிவிட்டது. ஆயினும் ஒவ்வொரு பயணத்துக்கும் பணம் கொடுத்தவர் யார், அவர் எதை எதிர்பார்த்துக் கொடுத்தார் என்று கேட்டுக்கொண்டே போனால், நூலின் நீளமும் நடையும், ‘நான்’ என்று அதில் பேசும் குரலும்கூட அந்தப் பணம் வந்த வழியைச் சார்ந்தே அமைந்திருப்பது தெரியவரும்.

பதினெட்டாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பயண எழுத்தால் பெருந்தொகை ஈட்டியவர்களுள் ஒருவர், எழுதிய பயணங்களில் எதையும் மேற்கொள்ளாதவர் என்பது இவ்வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று. பசிபிக் கடலுக்குச் சென்று திரும்பிய பைரன், வாலிஸ், கார்ட்டரெட், குக் ஆகிய கப்பல் தலைவர்களின் நாட்குறிப்புகளைத் தொகுத்து நூலாக்கும் பணியைக் கடற்படை நிர்வாகமான அட்மிரால்டி, ஜான் ஹாக்ஸ்வொர்த் என்ற லண்டன் எழுத்தாளரிடம் ஒப்படைத்தது; அதன் உரிமைக்காகப் பதிப்பாளர்கள் அவருக்குக் கொடுத்த தொகை 6,000 பவுண்டு. 1773இல் மூன்று தொகுதிகளாக வந்த அந்நூலில் ஹாக்ஸ்வொர்த், கப்பல் தலைவர்களின் இடத்தில் தாமே நின்று, தன்மை ஒருமையில் எழுதினார்; அவர்கள் நினைக்காதவற்றையும் அவர்கள் வாயில் ஏற்றினார். அதன் விளைவை நேரில் சந்தித்தவர் குக். செயின்ட் ஹெலினா தீவில் சக்கரம் வைத்த வண்டியே கிடையாது என்றும், அங்குள்ள அடிமைகள் கொடுமையாக நடத்தப்படுகிறார்கள் என்றும் அவர் பெயரால் அச்சாகியிருந்ததைப் படித்துக் கொதித்துப் போயிருந்த தீவினர், 1775இல் அவர் மீண்டும் அங்கு வந்து இறங்கியபோது, அவர் தங்கிய வீட்டு வாசலில் தள்ளுவண்டிகளைக் கொண்டுவந்து நிறுத்திக் காட்டினார்கள்.

தம் இரண்டாம் பயணத்தை ஜான் டக்ளஸ் என்ற பாதிரியாரின் திருத்தங்களோடு தாமே எழுதுவது என்று குக் முடிவுசெய்தார். 1777இல் அந்நூல் வெளிவந்தபோது அவர் மூன்றாம் பயணத்தில் இருந்தார். 1779இல் ஹவாயில் கொல்லப்பட்டதால் அதை அச்சில் காணவே இல்லை. எனினும் சென்றவரும் எழுதியவரும் ஒருவரே என்ற உறுதிமொழி, அதன் பிறகு இவ்வகை நூலுக்கு நீங்கா அடையாளமாயிற்று. சந்தையின் அவசரமும் அப்போதே தொடங்கிவிட்டது: அதே கப்பலில் தந்தையுடன் சென்ற கேயோர்க் ஃபோர்ஸ்டர் என்ற இளைஞர், குக்கின் நூலுக்கு ஆறு வாரம் முன்னதாகத் தம் நூலைக் கொண்டுவந்துவிட்டார்.

நெப்போலியன் போர்கள் 1815இல் முடிந்ததும் வேலையற்றுப் போன கடற்படை அதிகாரிகள் அரைச் சம்பளத்தில், அதாவது பணி இல்லாத காலத்துக்கென வழங்கப்பட்ட குறைந்த ஊதியத்தில், காத்துக் கிடந்தார்கள். இவர்களை வடதுருவப் பகுதிக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் திட்டங்களைத் தீட்டியவர், ஏறக்குறைய நாற்பது ஆண்டுகள் அட்மிரால்டியின் இரண்டாம் செயலாளராக இருந்த ஜான் பாரோ. திரும்பி வந்தவர்களின் குறிப்புகள் லண்டன் ஆல்பமார்ல் தெருவிலிருந்த ஜான் மர்ரி பதிப்பகத்துக்குப் போயின. அவை நூலாகி வந்ததும், அதே மர்ரி நடத்திய ‘குவார்ட்டர்லி ரிவ்யூ’ என்ற காலாண்டிதழில் அவற்றுக்குப் பெயரிடாமல் மதிப்புரை எழுதியவரும் பெரும்பாலும் பாரோதான். அனுப்பியவரே அளந்து பார்த்துப் பாராட்டவும் செய்த இந்த ஏற்பாட்டில், தோல்வியும்கூட விலைபோகக் கூடியதாயிற்று. ஜான் ஃபிராங்க்ளின் 1819 முதல் 1822 வரை கனடாவின் வடகோடியில் நடத்திய பயணத்தில் இருபது பேரில் பதினொருவர் மாண்டனர். எஞ்சியவர்கள் பாறைப்பாசியையும் பழைய தோலையும் தின்று உயிர் பிழைத்தனர். வேறு எந்தத் துறையிலும் இது விசாரணைக்குரிய நிர்வாகச் சீர்கேடு. 1823இல் மர்ரி வெளியிட்ட நூலிலோ இது வீரம். ஃபிராங்க்ளினைத் தம் பூட்சைத் தின்ற மனிதர் என்று ஊர் கொண்டாடியது.

இதே பதிப்பகம் 1836இல் ஐரோப்பியப் பயணிகளுக்கான கையேட்டு வரிசையைத் தொடங்கியது. சிவப்பு அட்டை போட்ட இக்கையேடுகளில் விடுதி, வண்டி, நாணய மாற்று, பார்க்கத்தக்க இடம் ஆகிய அனைத்தும் வழித்தட வாரியாகத் தரப்பட்டிருந்தன. ஐந்தாண்டு கழித்து, 1841இல், தாமஸ் குக் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரயில் உலாவை ஏற்பாடு செய்தார். சுற்றுலா வணிகமாகத் தலையெடுத்தது. ரோமையும் ரைன் ஆற்றையும் இனி யாரும் பார்க்கலாம் என்றானபோது அவற்றைப் பற்றி எழுதி வாழ நினைத்தவர்கள், கையேடு இல்லாத இடங்களைத் தேடிப் போக வேண்டியதாயிற்று. சாகசப் பயண எழுத்து என்ற தனிப் பிரிவு சுற்றுலாவுக்கு எதிராகப் பிறந்தது என்று சொல்லப்படுவதுண்டு. இரண்டும் ஒரே கடையில், ஒரே ஆண்டுகளில் விற்பனைக்கு வந்த சரக்குகள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது.

மர்ரியின் எழுத்தாளர்களில் இத்தொழிலை நீண்ட காலம் நடத்தியவர் இசபெல்லா பேர்ட். 1831இல் யார்க்‌ஷயரில் பாதிரியார் ஒருவரின் மகளாகப் பிறந்து, முதுகெலும்பு நோயால் சிறுவயது முதல் அவதிப்பட்ட அவர், மருத்துவர் கடற்பயணம் சொன்னதால் அமெரிக்கா போய், 1856இல் முதல் நூலை வெளியிட்டார். அக்காலப் பதிப்புலகில் பாதி இலாப முறை பரவலாக இருந்தது: அச்சுச் செலவைப் பதிப்பாளர் ஏற்று, விற்பனையில் முதலில் அதைக் கழித்துக்கொண்டு, மிஞ்சியதை ஆசிரியரோடு பங்கிட்டுக்கொள்வார். விற்காத நூலால் ஆசிரியருக்கு நட்டம் இல்லை, வரவும் இல்லை. ஆதலால் கையில் கொஞ்சம் குடும்பச் சொத்து உள்ளவரே இத்தொழிலில் காலூன்ற முடிந்தது. பேர்டுக்கு அது இருந்தது.

அவருடைய நடையின் சுருக்கமும் வேகமும் கடிதத்திலிருந்து வந்தவை. ஸ்காட்லாந்தின் மல் தீவில் வாழ்ந்த தங்கை ஹென்ரியட்டாவுக்கு வழிநெடுக எழுதிய கடிதங்களே, ஊர் திரும்பியதும், குடும்ப விஷயங்கள் நீக்கப்பட்டு, வரலாற்றுக் குறிப்புகளும் புள்ளிவிவரங்களும் சேர்க்கப்பட்டு நூலாயின. 1878இல் ஜப்பானின் வடபகுதிக்குச் சென்றபோது அவர் கொண்டுபோன மூட்டை முடிச்சு 110 பவுண்டு எடை இருந்தது. அதில் மடக்குக் கட்டில், ரப்பர் குளியல் தொட்டி, மெக்சிகோ நாட்டுச் சேணம், நான்கு பவுண்டு உலர்திராட்சை, சிறிது சாக்லேட், சிறிது இறைச்சிச் சாறு ஆகியவை அடங்கும். கட்டில் ஆடம்பரமன்று, வைக்கோற்பாயில் படுத்தால் தெள்ளுப்பூச்சி தூங்கவிடாது. உடன் சென்ற துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் வழித்துணையுமான இட்டோ என்ற பதினெட்டு வயது இளைஞன், மாதம் 12 டாலர் சம்பளம் பேசி, முதல் மாதத்ததை முன்பணமாக வாங்கிக்கொண்டான். பேர்டின் நூலில் ஜப்பானியர் பேசுவதாக வருவனவற்றில் மிகப் பெரும்பகுதி இட்டோவின் வாய்வழி வந்ததே. அவனைப் பேர்ட் மறைக்கவில்லை, அவனுடைய தற்பெருமையையும் கமிஷன் அடிக்கும் பழக்கத்தையும்கூட எழுதினார். இதே காலத்து ஆண் பயணிகள் பலரிடம் இந்த நேர்மை கிடையாது. 1892இல் அரச புவியியல் கழகம் முதன்முதலாகப் பெண்களை உறுப்பினராக ஏற்றபோது பேர்டும் அவர்களுள் ஒருவர். மறு ஆண்டே கழகம் அக்கதவை மூடி, 1913 வரை திறக்காமலிருந்தது.

பதிப்பாளர் நூல் வரும்வரை பொறுத்திருந்தார். பத்திரிகை முதலாளிக்கு அந்தப் பொறுமை இல்லை. ‘நியூயார்க் ஹெரால்ட்’ உரிமையாளர் ஜேம்ஸ் கோர்டன் பென்னட், 1869இல் தம் நிருபர் ஹென்றி மார்ட்டன் ஸ்டான்லியை, ஆப்பிரிக்காவில் செய்தியற்றுப் போயிருந்த மிஷனரிப் பயணி லிவிங்ஸ்டனைத் தேடும் பணியில் அமர்த்தினார். 1871 நவம்பரில் தாங்கனிக்கா ஏரிக்கரையிலுள்ள உஜிஜியில் இருவரும் சந்தித்தனர். 1872இல் நூல் வந்துவிட்டது. சந்திப்பின்போது தாம் சொன்னதாக ஸ்டான்லி எழுதிய ‘டாக்டர் லிவிங்ஸ்டன் தாங்கள்தானே?’ என்ற வாசகம் உலகப் புகழ் பெற்றது என்றாலும், அவருடைய நாட்குறிப்பில் அந்நாளுக்குரிய பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது. நிகழ்ச்சியைப் போய் எழுதுவதற்குப் பதிலாக, எழுதுவதற்காகவே நிகழ்ச்சியை உண்டாக்குவது இங்கே தொடங்கியது. 1874இல் ‘ஹெரால்ட்’டும் லண்டன் ‘டெய்லி டெலிகிராஃப்’பும் கூட்டாகச் செலவேற்று அவரை மீண்டும் அனுப்பின; கண்டத்தைக் குறுக்கே கடந்து 1877இல் அவர் மேற்குக் கரையை அடைந்தபோது, உடன் புறப்பட்ட மூன்று ஐரோப்பியரும் இறந்திருந்தார்கள்; சான்சிபாரிலிருந்து சுமை தூக்கி வந்தவர்களிலும் பெரும்பங்கினர் இல்லை. பிற்காலத்தில் அவர் இரண்டு பெருந்தொகுதிகள் கொண்ட நூலைக் கெய்ரோவில் உட்கார்ந்து ஐம்பதே நாட்களில் எழுதி முடித்தார். துப்பாக்கியை வைத்து வழி திறந்த அவரது முறை அன்றே லண்டனில் கண்டிக்கப்பட்டது. கண்டனமும் நூல் விற்பனைக்கு உதவியது.

1889 நவம்பரில் நியூயார்க்கின் ‘வேர்ல்ட்’ நாளிதழ் நெல்லி பிளை என்ற நிருபரை உலகைச் சுற்றிவர அனுப்பி, அவர் எந்த நேரத்தில் திரும்புவார் என்று கணித்து எழுதும் போட்டி ஒன்றை வாசகர்களுக்கு வைத்தது. 72 நாட்களில் திரும்பிய அவர் பார்த்த நாடுகளைவிட, அவர் பிடித்த கப்பல்களே அப்பத்திரிகைக்கு முக்கியமாயிருந்தன.

மூன்றாவது முதலாளி சொற்பொழிவு மேடை. நுழைவுக் கட்டணம் கொடுத்து, மாயவிளக்குப் படங்களோடு பயணியின் வாயால் கதை கேட்கும் வழக்கம் அமெரிக்காவில் வேரூன்றியிருந்தது. இதை முழுமையாகப் பயன்படுத்திக்கொண்டவர் ரிச்சர்ட் ஹாலிபர்ட்டன். 1921இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படிப்பை முடித்து உலகம் சுற்றிய அவரது முதல் நூலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. 1925இல் அது வெளிவந்து பெருவிற்பனை கண்டதற்கு, ஊர் ஊராகப் போய் அவர் பேசிய பேச்சே பெருங்காரணம். 1928இல் அவர் பனாமா கால்வாயின் நீளம் முழுவதையும் நீந்திக் கடந்தபோது, கப்பல்களுக்கு எடைக்கேற்ப வசூலிக்கும் சுங்கத்தின்படி அவரிடம் 36 சென்ட் வாங்கப்பட்டது. அந்தச் சில்லறை வாங்கிக்கொடுத்த விளம்பரத்துக்கு விலையே இல்லை. ஆனால் மேடைக்கு ஆண்டுதோறும் புதுக் கதை வேண்டும், அதுவும் சென்ற ஆண்டினதைவிடப் பெரிதாக வேண்டும். கப்பல், விமானம், யானை என்று ஏறிக்கொண்டே போன இந்தக் கணக்கு, ஹாங்காங்கில் கட்டப்பட்ட ‘சீ டிராகன்’ என்ற சீனப் பாய்க்கப்பலில் முடிந்தது. சான் ஃபிரான்சிஸ்கோ பொருட்காட்சியில் கொண்டுபோய் நிறுத்துவதற்காக, பிறரிடம் முதலீடு திரட்டிக் கட்டப்பட்ட அக்கப்பல், 1939 மார்ச் மாதம் பசிபிக் புயலில் ஹாலிபர்ட்டனோடும் மாலுமிகளோடும் காணாமற் போயிற்று.

இந்த மிகைக்கு எதிர்வினை இங்கிலாந்தில் ஏற்கெனவே எழுந்திருந்தது. பீட்டர் ஃபிளெமிங், ‘தி டைம்ஸ்’ நாளிதழின் தனிநபர் விளம்பரப் பத்தியில் கண்ட அழைப்பை நம்பிப் பிரேசில் காட்டுக்குப் போய், எதையும் கண்டுபிடிக்காமல் திரும்பி, சாகசக்காரர்களின் வீறாப்பையே கேலி செய்யும் நூலை 1933இல் எழுதினார். அது ஹாலிபர்ட்டனின் நூல்களைப் போலவே விற்பனையில் சாதனை படைத்தது. 1935இல் ‘டைம்ஸ்’ நிருபராக அவரும், பாரிஸ் நாளிதழ் ஒன்றின் நிருபராக ஜெனீவாவைச் சேர்ந்த எல்லா மய்யாரும் பீக்கிங்கிலிருந்து சிங்கியாங் வழியாக ஸ்ரீநகர் வரை, அனுமதிச் சீட்டின்றி, ஏழு மாதத்தில் ஏறக்குறைய 3,500 மைல் சேர்ந்து சென்றனர். இருவரும் தனித்தனியே நூல் எழுதியதால், ஒரே பாதை இரண்டு பணப்பைகளின் வழியே எப்படித் தோன்றும் என்பதை ஒப்பிட்டுப் பார்க்கும் அரிய வாய்ப்பு ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. இங்கிலாந்தில் வசதியான குடும்பமும் பத்திரிகை வேலையும் காத்திருந்த ஃபிளெமிங், எப்போது ஊர் போய்ச் சேர்வோம் என்று நாள் எண்ணுகிறார். திரும்பினால் அடுத்த பயணத்துக்கான காசைத் தேட வேண்டியிருந்த மய்யார், ஒட்டகங்கள் இன்னும் மெல்ல நடக்கக் கூடாதா என்று ஏங்குகிறார்.

ஒலிம்பிக் பாய்மரப் படகுப் போட்டியில் பங்கேற்றவரும், கட்டுரை, புகைப்படம், சொற்பொழிவு ஆகிய மூன்றையும் சிறுசிறு தொகைகளாகச் சேர்த்துப் பயணம் போனவருமான மய்யார், போர்க்காலத்தின் பெரும்பகுதியைத் திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் அருகில் கழித்தார். அங்கே வளர்த்த பூனையைப் பற்றிப் பின்னர் ஒரு நூல் எழுதினாரேயொழிய, அந்த ஆண்டுகளைச் சாகசக் கதையாக்கி விற்கவில்லை. சுவிட்சர்லாந்து மலைக்கிராமம் ஒன்றில் வீடு கட்டிக்கொண்ட பிறகு, 1957 முதல் முப்பது ஆண்டுகள், ஆசிய நாடுகளுக்குச் சிறு குழுக்களாகச் சுற்றுலாப் பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக அவர் பணியாற்றினார்.