தகுதி

“என் தகுதி காலாவதியாகிடுச்சு சார்” என்று பக்கத்து வீட்டு ஆசிரியை 2020இல் சொன்னபோது முதலில் சிரிப்பு வந்தது, பிறகு சங்கடம். ஆசிரியர் தகுதித் தேர்வுச் சான்றிதழ் அப்போது ஏழாண்டுக்குத்தான் செல்லும். 2021இல்தான் ஒன்றிய அரசு அதை ஆயுளுக்கும் என்று, 2011இலிருந்தே செல்லும்படி, மாற்றியது. தகுதி என்ற சொல்லைப் போலவே ‘தகு’ என்ற வேரில் கிளைத்தவை தக்க, தகவு, தகைமை, ஏன், தகாத என்பதும்கூட. குறளின் நடுவுநிலைமை அதிகாரத்தில் தகுதி என்றாலே நடுநிலைதான், ஆளின் குணம். இன்று அது பொதுப்பிரிவினருக்கு 150க்கு 90 மதிப்பெண். குணம் எப்படிக் காலாவதியாகும்? காலாவதியாவது உரிமம், ஓட்டுநருக்கு அப்படித்தானே சொல்கிறோம்? ‘ஆசிரியர் உரிமத் தேர்வு’ காதுக்குக் கொஞ்சம் கரடுமுரடுதான். ஆனால் இருபது வருடம் பாடம் நடத்தியவர் தன்னைத் தகுதியற்றவர் என்று சொல்லிக்கொள்ள நேர்ந்திருக்காது.